அழுகிற பிள்ளைக்கு ஓர் அறை

நம் வீடுகளில் குழந்தையை அடக்குவதற்கென்று மூன்று பேரை வைத்திருக்கிறோம். பூச்சாண்டி ஒருவன், போலீஸ்காரர் ஒருவர், ஊசி போடும் டாக்டர் ஒருவர். சாப்பிடாத பிள்ளைக்குப் பூச்சாண்டி, தூங்காத பிள்ளைக்குப் போலீஸ்காரர், அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஊசி. இவர்களில் பூச்சாண்டியால் பெரிய தொல்லை இல்லை. அவன் கடைசி வரையில் வருவதே கிடையாது. மற்ற இருவரும் அப்படியல்ல. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் குழந்தை அவர்களுடைய வாசலில் போய் நிற்கும்படி ஆகிவிடுகிறது. காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு. பொல்லாத வேளை வந்தால் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும். ஐந்து வருஷமாக எந்த இடத்தின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி வைத்தோமோ, அதே இடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "ஏன்டா அழுகிறாய்? இங்கே என்ன பயம்?" என்று கேட்கிறோம்.

குழந்தைக்கு அதற்குப் பதில் தெரியும். சொல்லத்தான் தெரியாது. அதனால் இன்னும் உரக்க அழுகிறது.

பொது இடத்தில் அழுகிற குழந்தையை நம்மில் யாரும் மன்னிப்பதில்லை. லாரிக்காரன் காது கிழிய ஹாரன் அடித்தால் பொறுத்துக்கொள்கிறோம். தேநீர்க் கடையில் ஒலிபெருக்கி அலறினால் பொறுத்துக்கொள்கிறோம். பக்கத்து ஆசனத்துக்காரர் கைபேசியில் ஊர்க்கதை முழுவதையும் கூவிக்கொண்டு வந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம். இவ்வளவு சத்தத்தையும் தாங்க மாட்டாமல் ஒரு குழந்தை வீறிட்டால் மட்டும், அத்தனை தலைகளும் திரும்புகின்றன. திரும்பிய கண்கள் குழந்தையைப் பார்ப்பதில்லை, தாயைப் பார்க்கின்றன. 'பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்று அந்தக் கண்கள் தீர்ப்பு எழுதிவிடுகின்றன. தாய் என்ன செய்வாள்? நமக்குப் பதில் சொல்ல முடியாத கோபத்தைக் குழந்தையின் முதுகில் ஓர் அடியாக வைக்கிறாள்.

இதை வைத்து ஒரு கேள்வி எழுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கூட்டமும் இரைச்சலும் வெளிச்சமும் நெடியும் நிறைந்த ஒரு பொது இடத்தை ஒரு குழந்தையால் தாங்க முடியவில்லை என்றால், மாற வேண்டியது குழந்தையா, இடமா? கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நியாயம், இரக்கம், உரிமை என்று நாம் பெரிய எழுத்தில் எழுதும் சொற்களெல்லாம் இந்தச் சின்னக் கேள்வியின் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள்வோம். 1995 வரையில் இவை இரண்டும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். அந்த வருஷம் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மறுபடியும் சேர்ந்தது. 2007இல் திரும்பவும் பிரிந்தது. கூட்டுக் குடும்பத்துச் சகோதரர்களைப் போலப் பிரிந்தும் சேர்ந்தும் பிரிந்த இந்த இரண்டு ஊர்களுக்கும் கலெக்டர் ஆபீஸ் வந்தது, கோர்ட்டு வளர்ந்தது, பெரிய ஆஸ்பத்திரி வந்தது. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. முன்பு திருச்சிக்கு ஓட வேண்டியிருந்த காரியங்களில் பல இப்போது அரை மணி பஸ் பிரயாணத்தில் முடிந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் தூரம் குறைந்த அளவுக்கு அந்த இடங்களின் கடுமை குறைந்திருக்கிறதா என்றால், அது வேறு கணக்கு.

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே ஓடும் பெருஞ்சாலைதான் அதன் உயிர்நாடி. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற தாய் முதலில் இறங்குவது பஸ் நிலையத்தில். கண்டக்டர்களின் கூவல், பஸ்களின் உறுமல், டீசல் புகை, பூக்கடை வாசனையும் சாக்கடை நாற்றமும் கலந்த ஒரு நெடி. அரியலூருக்கோ ரயில் உண்டு; அதோடு சுண்ணாம்புக்கல்லும் உண்டு. தோண்டினால் பழைய காலத்துக் கடல் உயிர்கள் கல்லாய்க் கிடைக்கிற பூமி அது. அந்தக் கல்லை அரைத்துச் சிமெண்ட் ஆக்கும் ஆலைகளும், கல்லையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு ஓடும் லாரிகளும், லாரி கிளப்பும் புழுதியும் அந்த மாவட்டத்தின் அன்றாட வாழ்க்கை. வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. பழகிப்போன ஒன்றை நாம் நல்லது என்று நினைத்துவிடுகிறோம், அதுதான் சங்கடம்.

எல்லாக் குழந்தைக்கும் இரைச்சல் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை வைத்தியர்கள் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், தமக்குள்ளேயே ஒதுங்கி வாழ்கிற குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார். ஆட்டிசம் என்ற பெயர் அதிலிருந்து பரவியது. அந்தக் குழந்தைகள் மிக்ஸி ஓடும் சத்தத்தைக் கேட்டு ஓடி ஒளிவதையும், சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்துகிறதென்று அழுவதையும், மின்விளக்கின் துடிப்பைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வதையும் பெற்றோர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். டாக்டர்களின் அளவுகோல் புத்தகத்தில் அது இடம் பிடிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷத்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கப் பதிப்பில்தான், புலன்கள் அளவுக்கு மீறியோ குறைந்தோ வேலை செய்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று சேர்த்தார்கள். தாய்க்குத் தெரிந்தது சாஸ்திரத்துக்குத் தெரிய 70 வருஷம் ஆயிற்று.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. ஆட்டிசத்தோடு பிறந்தவர், பிற்காலத்தில் கால்நடை விஞ்ஞானத்தில் பேராசிரியர் ஆனவர். அவருக்குப் பிறர் தொட்டு அணைத்தால் தாங்காது, அணைப்பும் வேண்டியிருந்தது. 1960களில், அரிசோனாவில் தம் உறவினரின் பண்ணையில், மாடுகளுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் பலகை அணைத்துப் பிடிப்பதையும், துள்ளிய மாடு அந்த அணைப்பில் அடங்கிவிடுவதையும் பார்த்தார். தமக்கும் அப்படி ஒரு பலகைப் பெட்டி செய்துகொண்டார். இறுக்கத்தைத் தாமே கூட்டலாம், குறைக்கலாம். போதும் என்றால் தாமே நிறுத்தலாம். அந்தப் பெட்டியில் படுத்தால் மனம் அடங்கிற்று என்று அவர் எழுதியிருக்கிறார். நிறுத்தும் பிடி அவர் கையிலேயே இருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு உதவும்.

ஏறக்குறைய அதே காலத்தை ஒட்டி, 1970களில், நெதர்லாந்து நாட்டில் ஹார்டன்பர்க் என்ற இல்லத்தில் மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்காக ஓர் அறை அமைத்தார்கள். மங்கிய ஒளி, மெத்தென்ற தரை, மெல்லிய இசை, தொட்டுப் பார்க்கப் பலவகைப் பொருள்கள். முகர்ந்து பார்ப்பதற்கும் கண்ணயர்வதற்கும் அவர்கள் மொழியில் உள்ள இரண்டு சொற்களை ஒட்டி அதற்கு 'ஸ்னூசலன்' என்று பெயர் வைத்தார்கள். இல்லங்களுக்குள் பிறந்த அந்த அறை மெல்ல மெல்லப் பொது இடங்களுக்கு நடந்து வந்தது. இப்போது கால்பந்து மைதானங்களிலும் விமான நிலையங்களிலும் கூட அப்படிப்பட்ட அறைகள் இருக்கின்றன. நம் பக்கத்திலேயே, பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில் 2025இல் ஒன்றைத் திறந்தார்கள்.

விமானத்தில் போகிற குழந்தைக்கு அறை வந்துவிட்டது. பஸ்ஸில் போகிற குழந்தைக்கு எப்போது? இதைக் கேட்டால், "சார், படுக்கை போதாமல் நோயாளிகள் தரையில் கிடக்கிற நாட்டில் இதெல்லாம் ஆடம்பரம் இல்லையா?" என்று ஒரு பதில் உடனே வருகிறது. அதைச் சொல்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்று தள்ளிவிட முடியாது. கையில் இருக்கும் ரூபாய் ஒன்றுதான். அதை மருந்துக்குச் செலவிடுவதா, மெத்தைக்கா என்பது நேர்மையான கேள்வி. இன்னொன்றையும் அவர் சார்பாகச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய முறைகளால் நோய் தீர்கிறது என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் இன்னும் சேரவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் சொல்லியிருக்கிறது. வண்ண விளக்குகளையும் குமிழிக் குழாய்களையும் வைத்துக்கொண்டு அற்புதம் நடக்கும் என்று விற்கிற வியாபாரிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் நான் கேட்பது வைத்தியம் அல்லவே! வெயிலில் நடந்து வந்தவனுக்கு நிழல் வேண்டும் என்று சொன்னால், 'நிழல் எந்த நோயைத் தீர்க்கும்?' என்று கேட்பாரில்லை. நிழல் நிழலுக்காகவே வேண்டியிருக்கிறது.

நிழல் என்பது நமக்குப் புதிதும் அல்ல. பருத்திக் காட்டில் களை எடுக்கப் போகிற பெண், வேப்ப மரத்துக் கிளையில் பழைய புடவையைக் கட்டி ஏணை போட்டுக் குழந்தையை அதில் விட்டுவிட்டுப் போகிறாளே, அது என்ன? நாலு பக்கமும் துணி வந்து உடம்பை அணைத்துக்கொள்கிறது. வெளிச்சம் வடிகட்டி வருகிறது. தாயின் வாசனை புடவையிலேயே இருக்கிறது. காற்று ஆட்டிவிடுகிறது. நெதர்லாந்தில் அறை கட்டி, கலிபோர்னியாவில் 1972இல் ஜீன் அய்ரஸ் அம்மையார் புலன்களின் ஒருங்கிணைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிச் சொன்ன அணைப்பும் அசைவும் அடக்கமான ஒளியும் ஒரு முழப் புடவைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. செலவு ஒரு கயிறு.

அரியலூர் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். சித்திரை வெயில் காய்கிற பிராகாரத்திலிருந்து படியேறி மண்டபத்துக்குள் போனால் ஒளி ஒரேயடியாக மறைவதில்லை. தூணுக்குத் தூண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது. கல்லின் குளிர்ச்சி காலில் ஏறுகிறது. வெளியே ஓடிக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் உள்ளே போனதும் தாமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 'சத்தம் போடாதே' என்று யாரும் பலகை எழுதி வைக்க வேண்டியதில்லை, கட்டடமே சொல்கிறது. இடத்தை அமைத்து மனத்தை அமைப்பது எப்படி என்று தெரிந்தவர்களின் ஊரில்தான், இன்று ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் கூடத்தை எதிரொலி கிளம்பும்படி கட்டி, கண்கூசும் வெள்ளை விளக்கைப் போட்டு, நடுவே ஒரு தொலைக்காட்சியையும் மாட்டி வைக்கிறோம்.

ஆகவே அறைக்குப் பெரிய மூலதனம் வேண்டாம். பஸ் நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ சாலைப் பக்கம் பார்க்காத ஒரு மூலை. காவியோ வெளிர்பச்சையோ பூசிய சுவர். கறகறவென்று சத்தம் போடாத ஒரு விசிறி. தரையில் கோரைப்பாய், நாலு தலையணை, ஒரு கனத்த போர்வை. கூரையிலிருந்து ஓர் ஏணை. அலங்காரம் கூடக் கூட அந்த அறையின் பயன் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுவர் நிறையக் கரடியும் முயலும் வரைந்து வைப்பது குழந்தைக்காக அல்ல, திறந்து வைக்க வருகிற பெரியவர்களுக்காக.

செலவுக் கேள்விக்கு வருவோம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று 2016இல் ஒன்று வந்தது. அது 21 வகைக் குறைபாடுகளை ஒப்புக்கொள்கிறது. ஆட்டிசமும் அவற்றில் ஒன்று. அந்தச் சட்டத்தின் பயனைப் பெற வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் குழந்தையை முகாமுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுவர வேண்டும். இரைச்சலைத் தாங்காத குழந்தை என்று எழுதி வாங்குவதற்காக, அந்தக் குழந்தையை நூறு பேர் நெருக்கும் வரிசையில் இரைச்சலுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நிறுத்தி வைப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். நொண்டியை மாடிக்கு ஏறிவரச் சொல்லி, ஏறி வந்தால்தான் நொண்டி என்று ஒப்புக்கொள்வேன் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முறை வரும்போது குழந்தை வெறிபிடித்ததுபோல் அழுதுகொண்டிருக்கும். டாக்டரால் பரிசோதிக்க முடியாது. "இன்னொரு நாள் கூட்டி வாருங்கள்" என்பார். அவர் மீது குற்றம் இல்லை. ஆனால் அன்றைக்குத் தாயின் கூலி போயிற்று. பஸ் கட்டணம் போயிற்று. டாக்டரின் நேரமும் போயிற்று. இந்தப் போன கணக்கையெல்லாம் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்த்தால், கோரைப்பாய் போட்ட ஓர் அறை சிக்கனமாகவே தோன்றும்.

இருந்தாலும் சிக்கனத்தை வைத்து இந்த வழக்கை ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. நாளைக்கே யாராவது கணக்குப் போட்டு, 'நஷ்டம்தான்' என்று காட்டிவிட்டால் குழந்தை தோற்றுப்போகுமா? தோற்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. அது கோர்ட்டு.

குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளைத் தடுக்கும் போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. இவ்வகை வழக்குகளைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் மகளிர் நீதிமன்றங்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன. அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்கள் ஒரு குழந்தையின் உயரத்தில் குனிந்து நின்று எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. கோர்ட்டில் வக்கீல் நேராகக் குழந்தையைக் கேள்வி கேட்கக் கூடாது; கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதிதான் குழந்தையைக் கேட்க வேண்டும். நடுநடுவே இளைப்பாற விட வேண்டும். பழக்கமான ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவனைக் குழந்தை பார்க்கும்படி வைக்கக் கூடாது. ஆனால் அவன் சாட்சியத்தைக் கேட்கவும் தன் வக்கீலோடு பேசவும் வழி இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சாதாரணக் கோர்ட்டு ஹாலில் எப்படிச் செய்வது? கறுப்பு அங்கிகள், கூண்டு, உரத்த அழைப்பு, வராந்தாவில் விலங்கோடு நிற்கும் கைதிகள், எதிரியின் உறவினர் கூட்டம். அதற்குத்தான் தனி அறை. டில்லியில் கர்கர்டூமா கோர்ட்டில் 2012 செப்டம்பரில் அப்படி ஒன்றை அமைத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2017இல், ஒவ்வொரு ஹைகோர்ட்டின் எல்லைக்குள்ளும் குறைந்தது இரண்டாவது வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் மறுபடியும் அதைக் கையில் எடுத்து, மாவட்டந்தோறும் இத்தகைய சாட்சிய அறைகள் அமைய வழிவகை சொல்லி, அதைக் கவனிக்க நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் ஒரு குழுவையும் ஏற்படுத்தியது.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், கிரிமினல் வழக்குகளில் பழுத்தவர், இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது முகத்தைச் சுளித்தார். "பொம்மையும் மிட்டாயும் கொடுத்து ஒரு குழந்தையைக் குளிரப் பண்ணிச் சாட்சி சொல்லச் சொல்கிறீர்கள். அந்தப் பக்கம் ஒருவன் இருபது வருஷம் ஜெயிலுக்குப் போகப் போகிறான். ஒருவேளை அவன் நிரபராதி என்றால்? என் முகத்தைப் பார்த்துச் சொல் என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லையா?" என்றார்.

இது அலட்சியப்படுத்தக் கூடிய ஆட்சேபம் அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த முடிச்சில் தடுமாறியிருக்கிறது. 1988இல், சாட்சி சொல்லும் சிறுமிகளுக்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் நடுவே திரை கட்டியது அவனுடைய உரிமைக்கு விரோதம் என்றது. இரண்டே வருஷம் கழித்து, 1990இல், குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கு அவசியம் என்று கோர்ட்டு கண்டால் வேறு அறையிலிருந்து தொலைக்காட்சி வழியாகச் சாட்சியம் வாங்கலாம் என்றது. நம் உச்ச நீதிமன்றம் 2004இல் சாக்‌ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், திரை போன்ற ஏற்பாட்டை அனுமதித்ததோடு, குறுக்குக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்கும் முறையையும் வகுத்தது.

வக்கீல் நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. பயந்த குழந்தை இரண்டு விதமாகத்தான் நடந்துகொள்ளும். ஒன்று, வாயே திறக்காது. அப்போது குற்றவாளி தப்பிவிடுவான். இல்லையென்றால், எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையாட்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருக்கும் அதற்கு. அப்போது நிரபராதி மாட்டிக்கொள்வான். வாத்தியார் பிரம்போடு கேட்டால், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்ட சிறுவர்களை நாம் பார்த்ததில்லையா? ஆக, குழந்தையின் பயம் வாதியின் பக்கமும் இல்லை, எதிரியின் பக்கமும் இல்லை. அது உண்மைக்கே பகை. அமைதியான அறையில் உட்கார்ந்த குழந்தை, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் துணியும். அந்த இரண்டு சொற்களுக்கும் கூட இடம் இருந்தால்தான் 'ஆமாம்' என்ற சொல்லுக்கு மதிப்பு. பொம்மையும் மிட்டாயும் லஞ்சமாக ஆகிவிடக் கூடாது என்று நண்பர் சொன்னது சரி. சாட்சிக்கு முன்னால் பாய் இருக்கட்டும், தண்ணீர் இருக்கட்டும், வெகுமதி வேண்டாம்.

நண்பர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வக்கீல்கள் ஒப்புக்கொள்வதில்லை. "யோசிக்கிறேன்" என்றார். எனக்கு அது போதும்.

இவ்வளவும் அறைக்குச் சாதகமாகச் சொன்னேன். இனி, என் மனத்தையே உறுத்துகிற ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். அறை கட்டுவது குழந்தைக்காகவா, நமக்காகவா?

அறை ஒன்று இருக்கிறது என்று ஆகிவிட்டால், கூடத்தில் குழந்தை அழும்போது, "அதற்குத்தான் தனியாக அறை கட்டியிருக்கிறதே, அங்கே கொண்டு போங்களேன்" என்று சொல்ல நமக்கு ஓர் உரிமை வந்துவிடும். இன்றைக்கு முறைத்துப் பார்ப்பவன் நாளைக்கு விரலை நீட்டிக் காட்டுவான். குழந்தை உள்ளே போய்விடும். கூடம் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். நம்முடைய இரைச்சலைக் கேள்வி கேட்ட ஒரே குரலையும் கதவுக்குப் பின்னால் அடைத்துவிட்ட திருப்தியில் நாம் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசலாம். ஒதுக்குவதற்குச் சௌகரியமான இடங்களைக் கட்டிக் கொடுத்து, அதற்கு இரக்கம் என்று பெயர் வைப்பது நம் சமூகத்துக்குப் புதிய பழக்கம் அல்ல.

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடும்போதுதான் டெம்பிள் கிராண்டினின் பெட்டி உதவுகிறது. அதன் பிடி அவர் கையில் இருந்தது. அந்த அறையின் கதவும் அப்படித்தான் இருக்க வேண்டும். போவதும் வருவதும் குழந்தையின் விருப்பம். 'போகலாம்' என்பது உரிமை. 'போ' என்பது தண்டனை. ஒரே அறைதான், ஒரே பாய்தான். சொல்லுகிற சொல்லில் அது நிழலாகவும் ஆகும், சிறையாகவும் ஆகும். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூப் போட்ட ஒரு கழுத்துப் பட்டையை அறிமுகப்படுத்தினார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் அதை அணிந்துகொண்டால், ஊழியர்கள் அவரிடம் அவசரப்படுத்தாமல், பொறுமையாக நடந்துகொள்வார்கள். பட்டையை அணிந்தவர் எங்கும் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. கூடத்தின் நடுவிலேயே நடக்கிறார். மாறுகிறவர்கள் மற்றவர்கள். அறையோடு சேர்ந்து இந்த இரண்டாவது மாறுதலும் வந்தால்தான் அறைக்கு அர்த்தம்.

கூடத்தின் இரைச்சலைக் குறைக்க நமக்குச் சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக வைக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபலுக்கும் இரவில் 40 டெசிபலுக்கும் மேலே சத்தம் கூடாது. குழந்தை பயப்படுகிற இடங்கள் எவை என்று சட்டத்துக்குக் கூடத் தெரிந்திருக்கிறது! 'ஒலி எழுப்பாதீர்' என்ற பலகையை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதன் கீழேயே நின்று ஹாரன் அடிப்பவரையும் பார்க்கலாம்.

கடைசியாக, சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாடெங்கும் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று 350க்கு மேற்பட்ட அறைகளைத் திறந்தார்கள். இந்தியாவுக்கே முன்மாதிரியான காரியம். பசித்த குழந்தைக்கும் கூச்சப்படும் தாய்க்கும் பொது இடத்தில் ஓர் இடம் உண்டு என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் பிற்பாடு பல ஊர்களில் அவை பூட்டிக் கிடப்பதாகவும், சாமான் போட்டு வைக்கும் இடமாக மாறிவிட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. அறையைத் திறந்து வைக்க ஒரு நாள் போதும். திறந்தே வைக்கத் தினந்தோறும் ஓர் ஆள் வேண்டும். பாயை உதறிப் போட, ஏணைத் துணியைத் துவைத்துக் கட்ட, வருகிற தாயிடம் "உள்ளே வாம்மா, பிள்ளை அழுதால் அழட்டும், ஒன்றும் அவசரமில்லை" என்று சொல்ல ஓர் ஆயாவோ அண்ணனோ வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். கல்வெட்டில் பெயர் வராத இந்தச் செலவுதான் உண்மையான செலவு. எந்த ஊராவது அறை கட்டப் போகிறோம் என்றால், விளக்கு என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால் சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும்.

பொது என்ற சொல்லுக்கு நம் மொழியில் மன்றம் என்ற பொருளும் உண்டு. எல்லோரும் வந்து கூடும் இடம். தாங்குகிறவர்கள் மட்டும் கூடும் இடம் என்று எந்த அகராதியிலும் இல்லை. ஒரு குழந்தை தன் ஊரைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது பாடப் புத்தகத்திலிருந்து அல்ல. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் அது அழுதபோது என்ன நடந்தது, அரியலூர் ஆஸ்பத்திரியில் அது பயந்தபோது யார் வந்தார்கள், கோர்ட்டில் அது 'தெரியாது' என்று சொன்னபோது யார் பொறுத்துக் கேட்டார்கள் என்பவற்றிலிருந்து கற்றுக்கொள்கிறது. அங்கே அதற்குக் கிடைத்தது முறைப்பும் அடியும் என்றால், நாளைக்கு அது வளர்ந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, அழுகிற இன்னொரு குழந்தையை முறைத்துப் பார்க்கும். ஒரு பாயும் கொஞ்சம் அமைதியும் கிடைத்திருந்தால், நகர்ந்து இடம் கொடுக்கும்.

அறை கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியம் ஒன்றும் இருக்கிறது. இன்று இரவு சாப்பிட மறுக்கிற பிள்ளையிடம் டாக்டரையும் போலீஸ்காரரையும் விட்டுவிட்டுப் பூச்சாண்டியை மட்டும் கூப்பிடலாம். அவன்தான் வரமாட்டான்.